கடலை விற்ற சிறுவனின் வீட்டைக் காப்பவர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசித்தவர்கள் 573 பேர். நம் ஊரின் இரண்டு வீவக புளோக்குகளை எண்ணினாலே அதைத் தாண்டிவிடும். ஒரே ஒரு கடைத்தெரு, அதன் எதிரே ஒரு ரயில் பாதை, சுற்றிலும் கடலைக் காடு, பருத்திக் காடு. இந்த ஊரிலிருந்து புறப்பட்டவர்தான் அமெரிக்காவின் 39வது அதிபர் ஜிம்மி கார்ட்டர். 1981ல் பதவி முடிந்ததும் அதே ஊருக்குத் திரும்பினார். 2024 டிசம்பர் 29ஆம் தேதி, 100 வயதில், அங்கேயே காலமானார்.

அவர் வாழ்ந்த இடங்களை இன்று ஜிம்மி கார்ட்டர் தேசிய வரலாற்றுப் பூங்கா என்ற பெயரில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை பராமரிக்கிறது. பூங்கா என்றதும் மரங்களையும் ஊஞ்சலையும் நினைத்துவிடாதீர்கள். அவர் படித்த பள்ளிக்கூடம், தேர்தல் அலுவலகமாக இருந்த ரயில் நிலையம், அவர் வளர்ந்த பண்ணை ஆகிய மூன்றையும் சுற்றிப் பார்ப்பதுதான் இந்தப் பூங்காவைப் பார்ப்பது. 1987ல் இது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2021ல் வரலாற்றுப் பூங்கா என்ற நிலைக்கு உயர்ந்தது.

நான் சிங்கப்பூரில் ஓர் அரும்பொருளகத்தில் வார இறுதிகளில் வழிகாட்டியாகத் தொண்டூழியம் செய்கிறேன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் காட்சிப் பொருளைப் பார்ப்பதற்கு முன்பு அதன் அருகில் நிற்கும் ஆளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சென்ற செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அட்லாண்டாவில் வேலை பார்க்கும் அண்ணன் மகனிடம் போயிருந்தபோது, பிளெய்ன்ஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். "அத்தை, அங்கே கடலையைத் தவிர வேறொன்றும் இல்லை" என்றான். இருந்தாலும் அழைத்துப் போனான். சுமார் 240 கிலோமீட்டர் பயணம். வழியெங்கும் செம்மண். அறுவடைக் காலம் என்பதால் பிடுங்கிய கடலைச் செடிகளை வேர் மேலே தெரியும்படி கவிழ்த்து வயலிலேயே காயவிட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில்

பிளெய்ன்ஸ் உயர்நிலைப்பள்ளி 1921ல் திறக்கப்பட்டது. 1979ல் மூடப்பட்டது. இப்போது அதுதான் வருகையாளர் நிலையமும் அரும்பொருளகமும். பழைய மர மேசைகளோடு ஒரு வகுப்பறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். கார்ட்டரும் அவருடைய மனைவி ரோசலினும் படித்த பள்ளி இது. ஜூலியா கோல்மன் என்ற ஆசிரியையை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலக்கியமும் இசையும் ஓவியமும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். 1977ல் அதிபராகப் பதவியேற்ற அன்று ஆற்றிய உரையில் கார்ட்டர் அவருடைய பெயரைச் சொன்னார். ஓர் ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

நுழைவாயில் மேசையில் இருந்தவர் எழுபது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. பூங்காச் சேவை அதிகாரிகள் அணியும் அகன்ற தொப்பியும் பேட்ஜும் அவரிடம் இல்லை. சட்டையில் தொண்டூழியர் என்று தைத்த ஒட்டு மட்டும் இருந்தது. வரைபடம் கொடுப்பது, பூங்காக்களின் முத்திரைகளைச் சேர்ப்பவர்களுடைய கையேட்டில் முத்திரை குத்த உதவுவது, பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்து அதை முடித்தவர்களுக்கு இளம் காவலர் பேட்ஜ் கொடுப்பது, கழிப்பறை எங்கே என்று ஒரு நாளில் ஐம்பது முறை சொல்வது எல்லாம் அவர் வேலை. கடைசியில் சொன்னதுதான் அதிகம் என்று சிரித்தார். எங்கள் அரும்பொருளகத்திலும் அதே கதைதான் என்றேன். உடனே நெருங்கிவிட்டோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். வேறு மாநிலத்துக்காரர். கணவரும் அவரும் கேரவனில் ஊர் ஊராகப் போய், ஓரிடத்தில் சில மாதங்கள் தங்கித் தொண்டூழியம் செய்கிறார்கள். இப்படிப்பட்ட தம்பதிகளை அமெரிக்கப் பூங்காக்களில் நிறையவே பார்க்கலாம். பல பூங்காக்கள் வண்டியை நிறுத்த இடமும் மின்சாரமும் தண்ணீரும் தருகின்றன. சம்பளம் கிடையாது. வேலையின்போது அடிபட்டால் அரசாங்க ஊழியருக்கு உள்ள இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. 250 மணி நேரம் சேவை செய்தவருக்கு நாட்டின் தேசியப் பூங்காக்களுக்குள் கட்டணமின்றிச் செல்ல ஓர் அனுமதி அட்டை தருகிறார்கள். 1970ல் கையெழுத்தான ஒரு சட்டத்தின்கீழ் இந்தத் திட்டம் நடக்கிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்கிறார்கள்.

ரயில் நிலையமும் கடலைப் படையும்

பள்ளியிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அங்குள்ள சிறிய மர ரயில் நிலையம் 1888ல் கட்டப்பட்டது. 1976 தேர்தலில் கார்ட்டரின் பிரசார அலுவலகம் இதுதான். அமெரிக்க அதிபர் தேர்தலை இவ்வளவு சிறிய இடத்திலிருந்து நடத்த முடியுமா என்று தோன்றும்.

அந்தத் தேர்தலை நடத்தியதிலும் தொண்டூழியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்ஜியாவில் கார்ட்டரைத் தெரிந்தவர்கள், சொந்தச் செலவில், பனி கொட்டும் ஜனவரியில், நியூ ஹாம்ஷியர் மாநிலத்துக்குப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். "எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார், நல்லவர்" என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள். அவர்களைக் 'கடலைப் படை' என்று அழைத்தார்கள். பெயர் வேடிக்கையாக இருந்தாலும், நாடறியாத ஒரு வேட்பாளரைக் கரையேற்றியதில் அந்தப் படையின் உழைப்பு பெரியது.

பண்ணையில்

ஊருக்கு மேற்கே நான்கு கிலோமீட்டர் தொலைவில் ஆர்ச்சரி என்ற இடத்தில் பண்ணை இருக்கிறது. 1928ல், கார்ட்டருக்கு நான்கு வயதாக இருந்தபோது, குடும்பம் இங்கு குடிவந்தது. 1941ல் கல்லூரிக்குப் போகும்வரை இதுதான் அவர் வீடு. மின்சாரம் வந்தது 1938ல். அதற்கு முந்திய பண்ணை எப்படி இருந்ததோ அப்படியே இதைச் சீரமைத்திருக்கிறார்கள். முற்றத்தில் கைப்பம்பு, கொல்லையில் கழிப்பறை, பட்டறை, தொழுவம், வீட்டை ஒட்டி ஒரு சிறிய கடை. 1935ல் காற்றாலை வைத்த பிறகுதான் வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வந்தது. சில இடங்களில் பொத்தானை அழுத்தினால் கார்ட்டரே தம் குரலில் அந்த இடத்தின் கதையைச் சொல்கிறார்.

ஐந்தாறு வயதிலேயே அந்தப் பையன் வயலில் கடலை பிடுங்கி, கழுவி, உப்புப் போட்டு அவித்து, பொட்டலம் கட்டி, ரயில் பாதையோரமாகவே நடந்து ஊருக்குள் போய் விற்றிருக்கிறான். கச்சாங் பூத்தே வண்டிக்காரரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்தில் ஒருவர் களை பறித்துக்கொண்டிருந்தார். அவரும் தொண்டூழியர்தான். வெயில் கொளுத்தியது. ஒரு பழைய பண்ணையை அதே நிலையில் வைத்திருப்பது எவ்வளவு வேலை என்பது அவரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளுக்குத் தூசி தட்டினால் போதும். இங்கே செடி வளர்கிறது, வேலி சாய்கிறது, கோழிக்குத் தீனி வேண்டும், மரம் உளுத்துப்போகிறது. ஒரு மாதம் கை வைக்காமல் விட்டால் 1930களின் பண்ணை புதராகிவிடும்.

பண்ணையின் பெரிய மணியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை அடித்து ஆட்களை எழுப்புவார்களாம். என் அம்மா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்தோடிய கதையையும், தோட்டத்துக் கடையில் பற்று எழுதி அரிசி வாங்கிய கதையையும் கேட்டு வளர்ந்தவள் நான். கார்ட்டரின் தந்தை ஏர்ல் நடத்திய கடையிலும் வேலையாட்கள் கடனுக்குச் சாமான் வாங்கி, பிறகு கூலியில் கழித்திருக்கிறார்கள். அந்தக் கடையின் பலகைத் தரையில் நின்றபோது கடலும் தேசமும் மறந்துபோயின.

சன்னலில் வைத்த வானொலி

அந்த மணியை அடித்தவர் ஜாக் கிளார்க். கறுப்பினத்தவர். அவரும் மனைவி ரேச்சலும் வாழ்ந்த சிறிய வீட்டையும் பண்ணைக்குள் பாதுகாத்திருக்கிறார்கள். பெற்றோர் ஊரில் இல்லாத இரவுகளில் சிறுவன் கார்ட்டர் அந்த வீட்டுத் தரையில்தான் படுத்துத் தூங்குவான். மீன் பிடிக்கவும், இயற்கையை நேசிக்கவும் கற்றுக்கொடுத்தவர் ரேச்சல். பருத்தி பறிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தம்மை உருவாக்கியவர்களில் ஒருவராக அவரைக் கார்ட்டர் தம் நூல்களில் எழுதியிருக்கிறார்.

ஆர்ச்சரியில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களே வாழ்ந்தன. கார்ட்டரின் விளையாட்டுத் தோழர்கள் எல்லாரும் அவர்களுடைய பிள்ளைகள். ஆனால் பள்ளிக்கூடம் வேறு வேறு. ரயிலில் பெட்டி வேறு. ஒன்றாகக் கிளம்பித் திரைப்படம் பார்க்கப் போனாலும் அரங்கில் உட்காரும் இடம் வேறு. நான் முதலில் பார்த்த அந்த அழகான உயர்நிலைப்பள்ளியும் கார்ட்டர் படித்த காலத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே.

மதியத்துக்குப் பிறகு பள்ளியில் சந்தித்த அதே பெண்மணி பண்ணைக்கு வந்தார். ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை அழைத்துக்கொண்டு வீட்டின் வெளியே, ஒரு சன்னலருகே நிறுத்தினார். 1938 ஜூன் 22ஆம் தேதி நடந்ததைச் சொன்னார்.

அன்று நியூயார்க்கில் குத்துச்சண்டை. கறுப்பின அமெரிக்கரான ஜோ லூயிஸ் ஒரு பக்கம், ஜெர்மானியரான மேக்ஸ் ஷ்மெலிங் மறு பக்கம். பண்ணையில் வானொலி இருந்தது கார்ட்டர் வீட்டில்தான். நாங்களும் கேட்கலாமா என்று அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்கள் ஏர்லிடம் வந்து கேட்டன. அவர்கள் வீட்டுக்குள் வர வழக்கம் இடம் கொடுக்காது. ஏர்ல் வானொலியைச் சன்னலில் வைத்தார். அவர்கள் வெளியே மரத்தடியில் நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் ஷ்மெலிங்கை வீழ்த்திவிட்டார். ஏர்லுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. மரத்தடியில் சத்தமே இல்லை. "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அமைதியாகச் சாலையைக் கடந்து, ரயில் பாதையைக் கடந்து, ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகுதான் வெடித்தது ஆரவாரம். அன்றிரவு முழுவதும் அது ஓயவில்லை. அப்போது கார்ட்டருக்கு 13 வயது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

குழுவில் யாரும் பேசவில்லை. வயதான ஒருவர் மட்டும், "ஒரு நல்ல மனிதரின் வீட்டைப் பார்க்க வந்தோம். அவருடைய அப்பாவின் கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும்?" என்று சற்றுக் கடுமையாகக் கேட்டார். எனக்கே திக்கென்றது. வழிகாட்டியாக நிற்பவர்களுக்குத் தெரியும், இந்த இடத்தில்தான் நாக்கு குழறும்.

அவர் குழறவில்லை. "கிளறியவர் கார்ட்டர்தான், ஐயா. அவர் எழுதியதைத்தான் சொல்கிறேன். இந்தச் சன்னலைப் பார்த்தால்தான், 1971ல் அவர் ஆளுநராகப் பதவியேற்றபோது இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னது எவ்வளவு தூரம் நடந்து வந்த வார்த்தை என்று தெரியும்" என்றார். பெரியவர் தலையசைத்தாரா, இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் குழுவைவிட்டு விலகவில்லை. கிளார்க் தம்பதியின் வீடுவரை கூடவே வந்தார்.

பிறகு தனியாக அவரிடம் கேட்டேன், எல்லாக் குழுவுக்கும் இதைச் சொல்வீர்களா என்று. "சொல்வேன். சம்பளம் வாங்காதவளுக்கு இருக்கும் ஒரே வசதி, மனத்துக்குச் சரியென்று பட்டதைத் தயங்காமல் சொல்லலாம் என்பது. ஆதாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அதைப் பூங்கா அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்" என்றார். அவர் சொன்ன ஆங்கிலத்தை நம் பேச்சில் போட்டிருக்கிறேன்.

ஒருவரைக் கௌரவிக்கும் இடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கேள்வி எங்கும் உண்டு. மாலையும் புகழுரையும் போதும் என்றால் அதற்குச் சிலை ஒன்று போதும். இந்தப் பண்ணையில் அவர் பிறந்த வர்க்கத்தின் வசதியும், அவருக்காக உழைத்தவர்களின் வீடும் ஒரே மண்ணில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நடையில் காட்டுகிறார்கள். அதனால் கார்ட்டர் எனக்குச் சிறியவராகத் தெரியவில்லை.

தொண்டு செய்த குடும்பம்

கார்ட்டர் வீட்டில் தொண்டூழியம் அம்மாவிடமிருந்து தொடங்குகிறது. தாதியாகப் பணியாற்றிய லிலியன் கார்ட்டர், கறுப்பின அண்டைவீட்டாருக்கும் வேறுபாடு பார்க்காமல் வைத்தியம் பார்த்தவர். 68 வயதில் அமெரிக்க அமைதிப் படையில் தொண்டூழியராகச் சேர்ந்து, 1966 முதல் 1968 வரை மும்பைக்கு அருகே விக்ரோலியில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்தார். அதே அமைதிப் படையின் தொண்டூழியர்கள் 1962 முதல் 1983 வரை மலேசியாவிலும் ஆசிரியர்களாகவும் தாதியராகவும் பணியாற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்கள் நம் வாசகர்களிலும் இருக்கக்கூடும்.

மகன் அதிபர் பதவியை விட்டு வந்த பிறகு 1984ல் சுத்தியலைக் கையில் எடுத்தார். பிளெய்ன்ஸுக்குப் பக்கத்து ஊரான அமெரிக்கஸில் 1976ல் தொடங்கப்பட்ட 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற வீடு கட்டும் அமைப்பில் கணவனும் மனைவியும் ஆண்டுதோறும் ஒரு வாரம் தொண்டூழியர்களாக உழைத்தார்கள். 14 நாடுகளில் 4,390 வீடுகளைக் கட்டவும் புதுப்பிக்கவும் அவர்கள் தோள் கொடுத்தார்கள். 2019ல், 95 வயதில், வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேல் 14 தையல் போட்ட பிறகும், கண் கன்றிச் சிவந்த முகத்தோடு நேஷ்வில் நகரில் வேலைக்கு வந்து நின்றார். இந்த அமைப்பின் சிங்கப்பூர்க் கிளையில் நம் இளையர்கள் முதியோரின் வாடகை வீடுகளைச் சுத்தம் செய்து சீரமைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சுத்தியல்காரரைத் தெரியுமோ!

உள்ளூர்த் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டுகளைத் தம் மரப்பட்டறையில் கடைந்து கொடுத்தவரும் கார்ட்டர்தான். அங்கே ஞாயிறுதோறும் பைபிள் பாடம் நடத்தினார். அதைக் கேட்க உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் விடியற்காலையிலேயே வரிசை பிடித்தார்கள்.

அவர் போன பிறகு

2025 ஜனவரி 4ஆம் தேதி கார்ட்டரின் இறுதி ஊர்வலம் தொடங்கியது. அவர் உடலைச் சுமந்த வண்டி முதலில் இந்தப் பண்ணை வாசலில் நின்றது. பூங்காச் சேவையின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் வரிசையாக நின்று வணக்கம் செலுத்தினார்கள். ஜாக் கிளார்க் ஒரு காலத்தில் அடித்த பண்ணை மணியை 39 முறை அடித்தார்கள். பிறகு கார்ட்டர், 2023 நவம்பரில் காலமான ரோசலினின் அருகே, பிளெய்ன்ஸில் தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த வீட்டையும் பூங்காச் சேவைக்கே எழுதிவைத்துவிட்டார்கள்.

"முன்பெல்லாம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. இந்த ஞாயிறு பாடம் நடத்துவாரா? இப்போது அந்தக் கேள்வி இல்லை. அவரைப் பார்க்க வந்த கூட்டம் இனி அவருடைய ஊரைப் பார்க்க வருமா என்பதுதான் எங்கள் கவலை" என்றார் அந்தப் பெண்மணி. இன்னொரு கவலையும் உண்டு. கேரவன் படியில் ஏற முழங்கால் ஒத்துழைக்கும்வரைதான் தம்மால் வர முடியும் என்றார். களை பறித்துக்கொண்டிருந்தவருக்கும் தலை முழுக்க நரைதான். எங்கள் அரும்பொருளகத்திலும் வழிகாட்டிகளின் சராசரி வயது கூடிக்கொண்டேதான் போகிறது. இளையர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. பள்ளி, வேலை, பிள்ளைகள் என்று ஓடுகிறவர்களுக்கு மாதம் இரண்டு மணி நேரம் என்று சிறிய வேலையாகப் பிரித்துக் கொடுக்கிறோமா என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பொதுப் போக்குவரத்தை நம்பிப் போக முடியாது. கோர்டீல் என்ற ஊரிலிருந்து பிளெய்ன்ஸ் வழியாக ஆர்ச்சரிவரை ஒரு சுற்றுலா ரயில் சில நாள்களில் ஓடுகிறது. முன்கூட்டியே தேதி பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முதலில் பள்ளி, பிறகு ரயில் நிலையம், கடைசியாகப் பண்ணை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும். கோடையில் வெயில் நம் ஊரைப் போலவே இருக்கும். தண்ணீரும் தொப்பியும் தேவை. அங்கே தொண்டூழியம் செய்ய விரும்பும் வெளிநாட்டவர், பூங்காச் சேவையின் அனைத்துலகத் தொண்டூழியர் திட்டத்தில் விண்ணப்பித்து, அதற்குரிய விசா பெற்ற பிறகே சேரலாம். சுற்றுலா விசாவில் போய்க் களை பறிக்க முடியாது.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்கினோம். நம் ஊர் ருசிதான், உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். கடலையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொன்ன அண்ணன் மகன் கார் ஓட்டிக்கொண்டே அந்த வானொலிக் கதையை இரண்டாவது முறையாகக் கேட்டான். "அவர்கள் எந்த வீட்டுக்குள் போய்க் கத்தினார்கள், அத்தை? அந்த வீடு இன்னும் இருக்கிறதா?" என்றான். அடுத்த முறை போகும்போது அவனே கேட்டுச் சொல்லட்டும்.